முதலாளி இறந்த காலை

“ஊரே வித்துத் தள்ளிட்டு ஓடுச்சு. நீங்க மட்டும் கூடை கூடையா வாங்கியிருக்கீங்க. எப்படி டாக்டர்?”

பங்குச்சந்தை விசாரணை அதிகாரியின் குரலில், மீன் சிக்கிவிட்ட களிப்பு. புகழ்பெற்ற பற்பசை நிறுவனத்தின் முதலாளி மாரடைப்பால் காலமானார் என்றொரு போலிச் செய்தி, சென்ற வாரம் ஒரு காலையில் இணையமெங்கும் பரவியது. பங்கின் விலை பாதாளத்துக்குப் போனது. மதியம் முதலாளியே நேரலையில் தோன்றிச் சிரித்த பிறகுதான் மீண்டது. இடைப்பட்ட நேரத்தில் துணிந்து வாங்கிக் குவித்தவர் எதிரே அமர்ந்திருந்த இந்த அம்மாள்.

“பொய்யின்னு தெரிஞ்சுது. வாங்கினேன்.”

“எப்படித் தெரிஞ்சுது? புரளியைக் கிளப்பினதே நீங்கதானே?”

“அந்த அளவுக்கு எனக்குக் கற்பனை பத்தாது சார்.”

“கிண்டலா? நஷ்டப்பட்டவங்க கேஸ் போட்டிருக்காங்க. கம்பெனியும் புகார் குடுத்திருக்கு. உண்மையைச் சொல்லலைன்னா கம்பி எண்ணணும், ஆமா!”

டாக்டர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். “என்கிட்ட வர்றவங்க விஷயத்தை நான் வெளியே சொல்றதில்லை.”

அதிகாரிக்குப் பொறி தட்டியது. “ஓஹோ! அப்போ அவர் உங்க பேஷண்ட். நெஞ்சுல கோளாறு நிஜமாவே இருக்கு. கம்பெனி அதை மூடி மறைக்குது!”

புகார்தாரராக வெளியே காத்திருந்த முதலாளியை அதிகாரி உள்ளே அழைத்தார். அந்த முகத்தை அறியாத குளியலறையே கிடையாது; பற்பசைப் பெட்டிதோறும் அதே முத்துச் சிரிப்பு.

“உங்க இதயத்துக்கு வைத்தியம் பாக்குறது இவங்கதானே? முதலீட்டாளர்கள்கிட்ட மறைச்சிருந்தா உங்க மேலயும் கேஸ் பாயும்.”

“என் இதயம் குதிரை மாதிரி ஓடுது தம்பி.” முதலாளி டாக்டர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, எனக்காக ஜெயிலுக்கே போயிடுவீங்க போலிருக்கே!”

டாக்டர் புன்னகைத்தார்.

முதலாளி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். “நான் செத்ததாச் சொன்ன நேரத்துல இவங்க முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். ஆனா அது எதுக்குன்னு வெளியே தெரிஞ்சா, எங்க பங்கு இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.”

சொல்லிவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றி அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.