இரைச்சல் இல்லாத ரேடியோ

அருங்காட்சியகத்தின் மூலையில் எலி குடியிருந்த அந்த வால்வு ரேடியோவை மறுபடி பேச வைத்தவள் அருள்மேரி. கரண்ட் கொடுத்தால் வால்வுகள் மெல்லச் சிவக்கும். கடலுக்கு மேல் எங்கோ வெட்டும் மின்னல்கூட அதில் கரகரவென்று கேட்கும். திறப்பு விழாவன்று காலையில் வந்து பார்த்தால், எந்தக் கடையிலும் இனி கிடைக்காத அந்த வால்வுகள் குப்பைக்கூடையில் நொறுங்கிக் கிடந்தன. பெட்டிக்குள் உள்ளங்கையளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"யார் சார் இதப் பண்ணது?"

"நான்தாம்மா பண்ணச் சொன்னேன். ஒரே இரைச்சல். மந்திரி வர்றப்ப சுத்தமா கேக்க வேணாமா?" என்றார் காப்பாட்சியர்.

"அந்த இரைச்சல்தான் சார் ரேடியோ!"

"சரி சரி, விழா முடியட்டும். மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க."

மந்திரி குமிழைத் திருகினார். காப்பாட்சியர் சட்டைப் பையிலிருந்த செல்போனை அமுக்கினார். பாட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. பாதிப் பாட்டில் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, மைக் செத்தது. எண்பது வயது ரேடியோ மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் காலத்துப் பொருள்னா சும்மாவா!" என்றார் மந்திரி. கூட்டம் கைதட்டியது. ரிப்பேர் செய்தது இவர்தான் என்று காப்பாட்சியர் அருள்மேரியை முன்னால் தள்ளிவிட, மந்திரி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அவள் பல்லைக் கடித்தபடி நின்றாள். பிறகு பொன்னாடையைத் தோளிலிருந்து உருவி, பிணத்தை மூடுவதுபோல் ரேடியோவை முகம் தெரியாமல் மூடினாள். கைதட்டல் நின்றது. துணிக்கு அடியில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.