இரண்டு நாள் லீவு

ஆடி பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட லீவில்லாமல் பரோட்டா வீசிக்கொண்டிருந்தான் கொம்பையா. ஊரில் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டதென்று தங்கை போனில் சொன்னதும் கல்லா முன் போய் நின்றான்.

"உசுரு இருக்குல்ல? போனதும் சொல்லு, ரெண்டு நாள் தாரேன்" என்றார் முதலாளி.

அழுதுகொண்டேதான் மாவு பிசைந்தான். ஆனால் பிசையப் பிசைய, எல்லாம் முடிந்தபின் பந்தலுக்கடியில் கால்நீட்டித் தூங்கப்போவது நினைவில் வந்தது. துக்க வீட்டில் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். "அண்ணே, அம்மா கண்ணு முழிச்சிட்டா! கஞ்சி கேட்டுக் குடிச்சா."

கொம்பையா அடுப்பைத் தணித்தான். "டாக்டர் என்ன சொன்னாரு? இனி ஒண்ணும் ஆகாதுன்னா சொன்னாரு?"

"பயப்படாதண்ணே" என்றாள் தங்கை. "இன்னும் பத்து வருசம் கெடப்பா."