மறுபடியும் தப்பு

“போன தடவை, பிறந்த தேதி கேட்ட இடத்துல கல்யாணத் தேதி. அதுக்கு முந்தி, உங்க போட்டோவுக்குப் பதிலா உங்க வீட்டம்மா போட்டோ. இன்னிக்கு என்ன கூத்துங்கய்யா?”

துப்பாக்கி உரிமப் பிரிவின் எழுத்தரம்மா சலித்துக்கொண்டாள். பெரியவர் தலையைச் சொறிந்தார். பதில் பக்கத்தில் நின்ற மகனிடமிருந்து வந்தது.

“இன்னிக்கு எல்லாத்தையும் நானே எழுதிட்டேன் மேடம். அப்பா கையெழுத்து மட்டும்தான். அதையும் பக்கத்துலயே நின்னு போட வெச்சேன்.”

“புண்ணியமாப் போச்சு!”

உரிமம் காலாவதியானதால் துப்பாக்கி காவல் நிலையத்தில் கிடந்தது. உரிமத்தைப் புதுப்பித்தால்தான் திரும்பக் கிடைக்கும். பெரியவரோ தம் பிழைகளை மட்டுமே புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

“சின்னக் குழந்தைகூட எழுதிடும் மேடம். இவரால என் மானம் போகுது.”

“அப்பாவை அப்புறம் திட்டிக்கலாம். துப்பாக்கி அவர் பேர்ல. நீங்க அதைத் தொடக்கூடாது, தெரியும்ல?”

“வீட்ல இருக்கற பொருளை யார் தொட்டா என்ன?”

“சட்டப்படி குத்தம்.”

“சரி, எங்க வேலி தாண்டி உள்ள வந்தா சுடலாம்தானே?”

“காட்டுப் பன்னியையா?”

“வர்றது யாரா இருந்தாலும்.”

“அப்படி ஒரு சட்டமும் கிடையாது!”

இப்படிப்பட்ட கேள்விகளை நாள்தோறும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். இந்த ஆள் தொலைந்தால் போதும் என்று முத்திரையை மையில் அழுத்தினாள்.

மகனின் கைபேசி ஒலித்தது. வாசலுக்குப் போனவனின் குரல் மட்டும் உள்ளே வந்தது.

“சாயங்காலம் கைக்கு வந்துடும்டா. வேலி யாருதுன்னு சித்தப்பாவுக்கு இன்னிக்கே காட்டறேன்.”

பெரியவர் சட்டென்று மேசைமேல் குனிந்தார். அவர் முகத்தில் இப்போது அசட்டுத்தனம் துளியும் இல்லை.

“அம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறது என் தம்பி. துப்பாக்கியே வேண்டாம்னு நான் எழுதிக் கொடுத்தா, தன் பேருக்கு மாத்தச் சொல்லி இவன் வந்து நிப்பான். இழுத்தடிச்சா கோபம் ஆறிடும்னு பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச தப்பெல்லாம் பண்ணியாச்சு. இனி நீங்களே ஒண்ணு சொல்லிக் கொடுங்க, பண்ணிடறேன்.”

முத்திரை அந்தரத்தில் நின்றது.

மகன் திரும்பி வந்தான். “முடிஞ்சுதா மேடம்?”

“முடியல. போட்டோவுல அப்பாவோட காது சரியாத் தெரியல. வேற எடுத்துட்டு அடுத்த மாசம் வாங்க.”

“காதா? வயசானவரை இப்படி அலைய வைக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

“இல்ல,” என்றபடி முத்திரையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.