வெளியே பார்த்த கதவு

டாக்டரம்மாவுக்கு எதிரே மூன்று நாற்காலிகள். ஒரு கோடியில் தனுஷ்கோடி, மறு கோடியில் மரகதவல்லி, நடுவில் அவளுடைய கைப்பை. புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிடுவதோடு சரி.

"கல்லீரல்ல கொழுப்பு மண்டிப்போச்சு" என்றாள் டாக்டரம்மா, தனுஷ்கோடியின் ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்து. "அப்படி ஆனா, பக்கத்துப் பக்கத்து செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வழி குறைஞ்சுபோகுது. வெளிய பாத்த கதவு திறந்துக்குது. அது வழியா கண்டதையும் கொட்டி, சுத்தியிருக்கிறதையெல்லாம் வீங்க வைக்குதுங்க."

தனுஷ்கோடிக்கு முகம் சிவந்தது. "தெருவுல நாறடிச்சது பத்தாதுன்னு இங்கயும் சொல்லிட்டாளா டாக்டர்?"

"நான் எதுக்குச் சொல்றேன்? அவர் மூஞ்சியிலயே எழுதியிருக்குன்னு சொல்லுங்க டாக்டர்" என்றாள் மரகதவல்லி.

"நான் ஈரலைப் பத்திப் பேசறேன். ஹோட்டல் பரோட்டாவை இன்னியோட நிறுத்தணும். இல்லன்னா ஈரல் இறுகிடும், அப்புறம் திரும்பாது. வீட்டுல யார் சமைச்சுப் போடுவா?"

இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். "பேசி முடிவு பண்ணுங்க" என்று டாக்டரம்மா எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்ல இப்போது நடுவில் ஆளில்லை. மரகதவல்லி ஸ்கேன் படத்தையே முறைத்தாள். சோறு போட்டால் அது தோல்வியா, போடாமல் அவர் செத்தால் அது வெற்றியா என்று அவளுக்கு விளங்கவில்லை.

தனுஷ்கோடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ போடுற சோத்துல விஷம் இருக்காதுன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல" என்றாள் அவள், அவர் கண்ணைப் பார்த்து. "ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்தா அந்தச் சோறும் கிடையாது."