எரு போட்ட தொட்டி

கண்ணாயிக்கு வலது தோள் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. காலையிலிருந்து லாட்ஜின் முன்னறையில் நின்று, மீன்தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் பாசியைத் தேய்க்கிறாள். தேய்த்த கண்ணாடியில் ஜன்னல் வெயில் பச்சையாகவே விழுகிறது. இலைகளில் முடிமுடியாகப் பாசி தொங்குகிறது. பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் செடிதான் வேரோடு வருகிறது, பாசி வருவதில்லை. கலங்கிய தண்ணீரில் நான்கு சிவப்பு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார் முதலாளி தனபால்.

“ஏம்மா, மீனு இருக்குதா, போயிருச்சா?”

“இருக்குதுங்க. செடி நல்லா வருமேன்னு எரு கலந்த மண்ணப் போட்டுட்டனுங்க.”

“செடி வந்துச்சா?”

“பாசிதானுங்க வந்துச்சு.”

“நாளைக்கு ஆளுங்க வாராங்க. அதுக்குள்ள தண்ணி தெளியலீன்னா நீ மறுக்கா மரவள்ளி தோண்டவே போயிக்க.”

அவர் போனதும் பிரஷ்ஷை வீசிவிட்டு, அடிமண்ணையே கைகையாக அள்ளி வாளியில் போடுகிறாள். சாணி வாடை அறையெங்கும் பரவுகிறது. அவள் கேட்டாள் என்று கொழுந்தன் காத்தான் தன் மிளகுக்கொடியின் அடியிலிருந்து வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்த மண் இது. இந்த இரண்டு கூடைக்கு ஈடாக, அவன் தோட்டத்தில் ஏணி ஏறி ஒரு நாள் மிளகு பறித்துத் தருவதாக அவள் ஒப்புக்கொண்ட கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.