பன்னிரண்டு மணி வரை

சீனம் படித்தால் பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகும் என்று லண்டனில் ஒரு நம்பிக்கை உண்டு. அறிவுலகின் நன்மை கருதி அதை இங்கே திருத்தியாக வேண்டும். ஒன்று மறந்துபோக வேண்டுமென்றால், முதலில் அது தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே ஹவுன்ஸ்லோ பகுதியில் இருக்கும் பெனடிக்ற் இந்த நுணுக்கத்தைக் கவனிக்கவில்லை. தேவாலயத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

மகள் றொசாந்தி நாலாம் வகுப்பு. அவள் படிக்கும் அரசுப் பள்ளியில் பாதிப் பாடம் ஆங்கிலத்தில், பாதிப் பாடம் சீனத்தில். அந்தச் சீன வகுப்பு அவளுக்கு உயிர். அவளை அதிலிருந்து விலக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார் பெனடிக்ற். ஒருமுறை விலகினால் மறுபடி இடம் கிடைக்காது. தமிழுக்காக இது அவசியம் என்று வழியெல்லாம் மகளுக்கு விளக்கினார், ஆங்கிலத்தில்.

வகுப்பறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. பகல் பன்னிரண்டு மணி வரை உள்ளே சீனம், அல்லது வீட்டு மொழி. ஆங்கிலம் கூடாது.

மணி எட்டரை. பெனடிக்ற் ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆசிரியை லின் சிரித்த முகத்தோடு அட்டையைக் காட்டினார்.

"அப்ப நான் எப்பிடிக் கதைக்கிறது?" என்று முணுமுணுத்தார் பெனடிக்ற்.

"தமிழில சொல்லுங்கோ அப்பா. நான் ரீச்சருக்குச் சீனத்தில சொல்லுறன்," என்றாள் றொசாந்தி.

பெனடிக்ற் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு ஆர் தமிழ் சொல்லித் தந்தது?"

"எமில்டா அன்ரி. மத்தியானச் சாப்பாடு குடுக்கிறவ. சீனம் வராட்டி வீட்டுப் பாசையில சொல்லவேணும். எனக்கு அதுவும் வரேல்லை. ரீச்சர்தான் எனக்குத் தமிழ் சொல்லித் தரச்சொல்லி அன்ரியைக் கேட்டவ."

ஆனாலும் மனப்பாடம் செய்து வந்த பேச்சை விட முடியுமா? தமிழ் அழிவது பற்றிச் செயலாளர் ஐந்து நிமிடம் பேசினார். மகள் வரிக்கு வரி சீனத்தில் மொழிபெயர்த்தாள். 'செம்மொழி' வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் திணறினாள்.

முழுவதையும் கேட்ட லின், திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் வீட்டில என்னோட என்ன பாசை கதைக்கிறனீங்கள் எண்டு கேக்கிறா," என்றாள் றொசாந்தி.

பெனடிக்ற் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

வகுப்பறை அட்டையில் இருந்த அதே வாசகம் எழுதிய ஒரு தாள் இப்போது அவர் வீட்டுக் கதவில் தொங்குகிறது. தாளின் மறுபக்கம் அந்த விலகல் படிவம்.