பொட்டு வைத்த கார்டு

மெஷின் கார்டை ஏற்கவில்லை.

கல்லாவில் இருந்த பெண் அதை உருவி மறுபடி செருகினாள். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு பீப் என்றது.

நல்ல சத்தமில்லை அது.

கார்டுக்குச் சொந்தக்காரி கல்லா மேல் எட்டிப் பார்த்தாள்.

வாங்கியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய், கொஞ்சம் வெந்தயம், ரெண்டு சோப்பு. மணிபர்ஸில் ரொக்கமும் இருந்தது. எடுத்து நீட்டினால் ஜோலி முடிந்தது.

நீட்ட மாட்டாள். இந்தக் கார்டு இன்று வேலை செய்தே ஆக வேண்டும்.

அப்போதுதான் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று, கதவைத் தட்டுவதற்கு முன்னால் செருமுகிற செருமல் அது.

லோகநாதன். கடன் வசூல் கம்பெனிக்காரன்.

ஈரோட்டில் இத்தனை கடை இருக்க, இந்தக் கடை. இத்தனை வரிசை இருக்க, இந்த வரிசை.

கொழுந்தன் பைக் வாங்கியபோது லோன் அவள் பெயரில் போட்டார்கள். பேருக்கு ஒரு கையெழுத்துதானே என்றார்கள். பைக் கொழுந்தனோடு திருப்பூர் போய்விட்டது. தவணை மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

லோகநாதன் வந்தான். வந்துகொண்டே இருந்தான். ஒருநாள், பாதியைக் கட்டினால் போதும், மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்றான்.

சாமியே சட்டை போட்டு வந்ததாக நினைத்தாள். கம்மலை விற்றுக் கட்டினாள். அவனுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். அன்று வீட்டில் பாயசம்.

பாதியில் முடித்த கடன் முடிந்த கடனில்லை. அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாவு அரைக்கிற பெரிய கிரைண்டருக்கு லோன் கேட்டுப் போனாள். வங்கியில் கம்ப்யூட்டரைப் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். கடனைக் கட்டுகிற ஒழுங்குக்குப் போடுகிற மார்க்காம், சிபில் ஸ்கோர், அது பாதாளத்தில் கிடந்தது. பைக் லோனுக்கு நேராக, முழுதாகக் கட்டவில்லை என்று ஒரு வரி.

மாவுக்கு மூன்று மெஸ்காரர்கள் காத்திருக்கிறார்கள். வீட்டு கிரைண்டரோ ஒரு மெஸ்ஸுக்கே முனகுகிறது.

வங்கியிலேயே ஒரு சின்னப் பெண் வழி சொன்னாள். கையில் இருப்பதை டெபாசிட் போடுங்கள், அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு தருகிறோம். மாதாமாதம் கொஞ்சமாக வாங்குங்கள். தேதி தவறாமல் முழுசாகக் கட்டுங்கள். கெட்ட பேர் மெல்ல மெல்லத் தேயும்.

என் காசை நீங்கள் வைத்துக்கொண்டு எனக்கே கடன் தருவீர்களா என்று கேட்டாள். சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிற கதையாக இருக்கிறதே.

ஆனாலும் போட்டாள்.

இன்று முதல் போணி. இந்த மெஷின் இப்படிச் செய்கிறது. அதுவும் இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கடைப் பெண் கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏனுங்க்கா, கார்டுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்களா?"

வரிசை சிரித்தது.

வைத்திருந்தாள்தான். கார்டு வந்தது வெள்ளிக்கிழமை. புதுசாக எது வீட்டுக்குள் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம். பீரோவுக்கு வைத்தாள், மிக்ஸிக்கு வைத்தாள். கார்டுக்கு எங்கே வைப்பது? ஓரத்தில் பளபளவென்று சின்னதாக ஒரு சதுரம் இருந்தது. பார்த்தால் நெற்றி மாதிரியே இருந்தது.

அங்கேதான் வைத்தாள். நன்றாக அழுத்தி.

பின்னாலிருந்து ஒரு கர்ச்சீப் நீண்டது. லோகநாதனுடையது.

அவள் வாங்கவில்லை. கார்டில் ஒரு ஊது ஊதினாள். முந்தானையால் தேய்த்தாள். குங்குமம் போனது. மஞ்சள் போக மாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டினாள்.

மூன்றாம் முறை.

மெஷின் யோசித்தது. வரிசை மூச்சைப் பிடித்தது. ரகசிய எண் கேட்டது. தட்டினாள்.

கிர்ரென்று காகிதம் வெளியே வந்தது.

உலகத்திலேயே அழகான சத்தம்.

ரசீதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பையைத் தூக்கினாள். யாரையும் பார்க்காமல், தலையை நிமிர்த்தி, கல்யாணப் பெண்ணின் அத்தை மாதிரி நடந்து வெளியே வந்தாள்.

நல்ல வெயில்.

"அக்கா."

லோகநாதன் கையில் ஒரு பால் பாக்கெட்டோடு ஓடி வந்தான்.

அவள் நின்றாள். மீதிப் பாதியைக் கேட்கப் போகிறானோ? கேட்கட்டும். இன்று அவளிடம் பதில் இருக்கிறது. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

அவன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். குரலை இறக்கினான்.

"சிபில் போனவங்களுக்கு அந்தக் கார்டு எந்த பேங்க்குலங்க்கா தர்றாங்க?"

யாருக்கு என்று கேட்டாள்.

அவன் பால் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

அவனை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். காலர் நைந்திருந்தது. இவன் வீட்டு வாசலுக்கும் ஒருவன் போயிருப்பான். பாதி கட்டினால் போதும் என்றதை இவனும் நம்பியிருப்பான். அவனுக்கு இவன் வீட்டில் மோர் கொடுத்தார்களோ, டீ கொடுத்தார்களோ.

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை.

அவனும் மெல்ல இளித்தான்.

"வண்டிய எடு தம்பி," என்றாள். "பேங்க்குல அந்தப் புள்ள சாப்பாட்டுக்கு எந்திரிக்கறதுக்குள்ள போயிரலாம்."

எண்ணெய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.